துரவில் மூன்று நாள்

"நான் எழுதுனதத்தான் நீ அடிச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதல் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்ததும் அவர் என்னிடம் கேட்டது இதுதான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண்ணும் நான்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள், "அந்தப் பாப்பாகிட்டயே அடிச்சுக் கொடுங்க" என்று எனக்காகக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து இந்தக் கேள்வி.

"படிச்சுப் பாத்துக்கங்க சிஸ்டர்" என்றேன் வெடுக்கென்று.

"பாக்கத்தான் போறேன். நீ அச்ச சத்தமா படி. நான் என் நோட்டப் பாக்குறேன்."

படித்தேன். கமாவையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். ஐம்பது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். லீவு நாளில் சேலை கட்டி வந்தாலும் நெஞ்சருகே ஊக்கு குத்திய கடிகாரம் தலைகீழாகத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சுவர்க்கடிகாரத்தையும் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் எங்கள் கடிகாரத்தின் மேல்தான். டீ வந்தால் முகர்ந்து பார்ப்பார். பூக்காரி "இன்னைக்குப் பறிச்சதும்மா" என்றால், "நீயே பறிச்சியா?" என்று கேட்பார்.

அவர் கொண்டுவந்த நோட்டில் இருந்தது எரேமியா என்கிற பழைய காலத்து எபிரேயத் தீர்க்கதரிசியின் கதை. கதை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா, இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம், அவர் சொன்னதாக வேதத்தில் இருப்பதில் எவ்வளவு அவர் வாயிலிருந்து வந்தது என்று ஆராய்கிற நோட்டு அது. ஆஸ்பத்திரியில் முன்பு வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்துப் பல வருஷமாக எழுதியது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அரியலூர் ஸ்டேஷன் பக்கமே டைப்பிங் சென்டர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பஸ் ஏறி இந்த அம்மா ஏன் இங்கே வர வேண்டும்? எங்கள் சென்டர் சாரும் அதையேதான் சொன்னார்.

"அரியலூர்ல இல்லாத கம்ப்யூட்டரா? ஏதோ இருக்கும்மா. கொடுத்தத அடி, கூடப் பேச்சு வச்சுக்காத."

அம்மாவுக்கு நான் சொல்லியிருக்கவே கூடாது. "வேதக்கார நர்சம்மாவா? பாத்துடி. இனிக்க இனிக்கப் பேசுவாங்க, அப்புறம் பேரையே மாத்திப்புடுவாங்க. இதுக்குத்தான் சொல்றேன், வேலைய வுட்டுட்டு வூட்டுல கெட. உங்க மாமா வேற கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றாள். மாமா கேட்டது பெண்.

ஆனால் சிஸ்டர் ஒரு நாளும் இனிக்கப் பேசவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் சந்தேகம். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், என்னை மதம் மாத்தத்தான் இவ்வளவு தூரம் வரீங்களா?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன்னையா? 'க்', 'ச்' வர்ற எடத்துல ஒற்று போட வைக்கவே எனக்கு மூணு வாரம் ஆச்சு. மதத்த மாத்துறதுக்கு ஆயுசு பத்தாது."

பக்கத்து மேஜையில் சார் சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் சிஸ்டர் காரணத்தையும் சொன்னார். அவருடைய சபையில் புதன்கிழமை மத்தியானம் பெண்களுக்கு வேத வகுப்பு நடக்கும். பதினாலு வருஷமாக அவர்தான் நடத்துகிறார். வருகிறவர்கள் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டிகள். ஒரு வாரம் அங்கே நடத்திய பாடம் இது: எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் என்று ஒருவன் ஒரு சுருளில் எழுதினான். அந்தச் சுருளை ராஜா கத்தியால் அறுத்து அறுத்துத் தீயில் போட்டான். திரும்ப எழுதியபோது முன்பு இருந்ததற்கு மேலும் சேர்ந்தது என்று வேதமே சொல்கிறது.

"அப்ப சேத்தது சொன்னவரா, எழுதுனவனான்னு பொம்பளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். சிஸ்டருக்கு விசுவாசம் போயிடுச்சுன்னு பாஸ்டர்கிட்டப் போயிட்டாங்க. என்ன சொல்லிக் கொடுக்குறன்னு எழுதிக் கொடு, கமிட்டி பாக்கட்டும்னுட்டார். அரியலூர்ல அடிச்சா நான் முடிக்கிறதுக்கு முன்னாடி அவர் படிச்சிடுவாரு."

"கமிட்டிக்குப் பிடிக்கலேன்னா?"

"வகுப்பு போயிடும்."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, "ஒம்பதாம் பக்கம் எடு" என்றார்.

நோட்டு முழுவதும் பக்கத்தின் நடுவே கோடு போட்டிருந்தது. இடது பக்கம் 'கண்டது'. வலது பக்கம் 'சொன்னது'. ஆஸ்பத்திரிப் பழக்கம். நோயாளி வயிறு வலிக்கிறது என்றால் அது சொன்னது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கல் மாதிரி இருக்கிறது என்றால் அது கண்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு தாத்தாவுக்கு வேளை தவறாமல் 'மாத்திரை சாப்பிட்டார்' என்று எழுதி வந்தாளாம். சிஸ்டர் தலையணையைத் தூக்கினால் அடியில் பதினோரு மாத்திரை.

"அவ பொய் சொல்லல. கையில கொடுத்தா. முழுங்குனதப் பாக்கல. ஆனா முழுங்குனார்னு எழுதிட்டா. ஒலகத்துல பாதிப் புஸ்தகம் அப்படித்தான்."

எரேமியாவையும் அப்படித்தான் அவர் வார்டில் படுக்கப் போட்டிருந்தார். எருசலேமுக்குப் பக்கத்தில் ஆனதோத் என்ற ஊர், பூசாரி வம்சம், எருசலேம் அழியப் போகிறது என்று ராஜாக்களிடமே சொல்லி அடிபட்டது, கடைசியில் எகிப்துக்கு இழுத்துப் போனது: எல்லாம் வலது பக்கம். பாபிலோன்காரர்கள் எருசலேமைப் பிடித்ததைத் தங்கள் களிமண் பலகையில் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு போன எருசலேம் ராஜாவுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கும் கிடைத்திருக்கிறது. அது இடது பக்கம். அதே புத்தகம் கிரேக்கத்தில் சுருக்கமாகவும் எபிரேயத்தில் நீளமாகவும் இருப்பதை, 'ஒரே நோயாளிக்கு இரண்டு கேஸ் ஷீட்' என்று எழுதியிருந்தார். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'எரேமியாவின் பெயர் பொறித்த பொருள் எதுவும் இதுவரை மண்ணிலிருந்து கிடைக்கவில்லை.'

"இந்த வரிய விட்டுடலாமே சிஸ்டர். கமிட்டி இதத்தானே புடிச்சுக்கும்?"

"இத விட்டா மத்ததெல்லாம் எதுக்கு நம்பணும்?"

ஒரு நாள் ஒரு பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டினார். நகம் அளவு களிமண் முத்திரை. அதில் எழுதுகிறவனான பாருக்கின் பெயரே இருக்கிறதாம். அதன் ஓரத்தில் விரல் ரேகையும் பதிந்திருக்கிறதாம். எனக்குப் புல்லரித்தது. என்னைப் போல ஒருத்தன், அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவன், அவன் விரல்!

"கண்டதுல போடுங்க சிஸ்டர்!"

"கடையில வாங்குனது இது. எந்தக் குழியில, யார் கை எடுத்துச்சு? ஒருத்தருக்கும் தெரியல." வலது பக்கம் எழுதிவிட்டார். அந்தச் சுருளை முதலில் படித்துக் காட்டிய அறைக்குச் சொந்தக்காரர் பெயருள்ள இன்னொரு முத்திரையை, எருசலேமை முறையாகத் தோண்டியவர்களே எடுத்தார்கள் என்பதால் இடது பக்கம் போட்டார்.

எனக்கு ரோஷம். என் அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட ஒரு கல் வீட்டில் கிடந்தது. இந்தப் பக்கம் முன்பு கடல் இருந்தது, அந்தக் கடலின் நத்தை இது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மறுவாரம் அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். இதையாவது நம்புகிறாரா பார்க்கலாம் என்று.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு. எந்தக் குழி?"

"அப்பா லாரியிலேருந்து எடுத்தாரு."

"அப்ப இது லாரியில கெடச்ச கல்லு."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தம்மா சொல்றது சரிதானே? நான் எங்க பாத்தேன் கடல?"

இப்படியே நாற்பது பக்கம். அவர் என்னை ஒரு பக்கம்கூட நம்பவில்லை; நானும் அவரை. ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு முந்தையதில் ஓர் இடம் வந்தது. எரேமியாவின் பேச்சு பிடிக்காத பிரபுக்கள் அவரைத் தண்ணீர் இல்லாத, பாழுங்கிணறு மாதிரியான துரவு ஒன்றில் கயிறு கட்டி இறக்கிவிடுகிறார்கள். உள்ளே சேறு. புதைந்துபோகிறார். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன் ஒருவன் ராஜாவிடம் கெஞ்சி ஆள் கூட்டி வந்து தூக்குகிறான். தூக்குவதற்கு முன் பழந்துணிகளை உள்ளே போட்டு, அவற்றை அக்குளில் வைத்துக்கொண்டு அவற்றின்மேல் கயிற்றைப் போடச் சொல்கிறான்.

அதை நான் படித்தபோது சிஸ்டர் பேனாவை மூடினார்.

"கெணத்துல வுழுந்தவங்கள எத்தனை பேர வார்டுல பாத்திருக்கேன் தெரியுமா? ஆளு பொழச்சுக்குவாங்க. அக்குள் தோலு கயித்தோட உரிஞ்சு வந்துடும். கத கட்டுறவன் கயிறு போட்டுத் தூக்குனான்னு நிறுத்திடுவான். துணி வைக்கணும்னு அவனுக்குத் தோணாது. தோணுச்சுன்னா, அவன் தூக்குனவன். இல்ல, பக்கத்துல நின்னு பாத்தவன்."

அந்த அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தார்: 'இது கண்டவர் சொன்னது என்று நம்புகிறேன்.' நாற்பது பக்கத்தில் 'நம்புகிறேன்' என்ற சொல் அங்கே மட்டும்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மனு அடிப்பதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வருகிறவர்கள் மொட்டையாகச் சொல்வார்கள்: "வாய்க்கால் அடைச்சிட்டாங்க, தண்ணி வரல." நான் இரண்டு வரி சேர்ப்பேன்: 'வாடிய பயிரைக் கண்டு வயோதிகத் தாயாரும் நானும் கண்ணீர் வடித்து நிற்கிறோம்.' தாயார் உண்டா என்று கேட்பதில்லை. படித்துக் காட்டினால் அவர்களுக்கே கண் கலங்கும். "பாப்பா கையில என்னமோ இருக்கு" என்பார்கள். அது எனக்குப் பெருமை.

துரவு அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் அநாதையாக நின்றது. மீதிப் பக்கம் வெறுமை. திருத்தமெல்லாம் முடிந்து கடைசி அச்சு எடுக்கிற நாள் அது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இன்னும் மூன்று வரி இருந்தால் பக்கம் நிமிர்ந்துவிடும். அந்த மனுஷனுக்காக எனக்கு மனசும் கனத்துக் கிடந்தது. பழந்துணி வருகிற வரிக்கு முன்னால், அவர் சேற்றில் கிடக்கிற இடத்தில், அடித்தேன்: 'மூன்று நாள் இடுப்பளவு சேற்றில் புதைந்து, கேட்பாரற்று அவர் அழுதார். அந்த அழுகை அரண்மனை மதிலைத் தாண்டவில்லை.'

பக்கம் அழகாக வந்தது.

சிஸ்டர் அவசரமாக வந்தார். வார்டில் ஆள் குறைவு, அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். தாள்களைக் கையில் வாங்கி, வழக்கம்போல நாற்காலியை இழுக்கப் போனவர் நின்றார்.

"எல்லாம் போன வாரம் பாத்த மாதிரியே இருக்குல்ல?"

"இருக்கு சிஸ்டர்."

"அப்ப சரி. இன்னைக்குப் படிக்க வேண்டாம்."

என்னை நம்பிய முதல் நாள் அது. எனக்கு உச்சி குளிர்ந்தது. சேர்த்த வரியைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடும் என்று மூடிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். கமிட்டிக்கும் வகுப்புப் பெண்களுக்கும் என்று நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஊசி நூலால் தைத்துக் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். உட்காரவில்லை. தைத்த பிரதியில் துரவுப் பக்கத்தைத் திறந்து என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"மூணு நாளுன்னு யாரு பாத்தா?"

சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலை போனால் அம்மா என்னை வீட்டோடு வைத்துவிடுவாள், மாமா காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருக்கும் சிஸ்டர்."

"கம்ப்யூட்டருக்கு அழுகை வருமா?"

சார் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற குரலில் சொன்னார்: கமிட்டியில் பாஸ்டர் வேறு எதையும் தொடவில்லை. இந்தப் பக்கத்தை எடுத்து, மூன்று நாள் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது, அழுதார் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் இல்லை. அப்புறம் கடைசி வாக்கியத்தில் விரல் வைத்து, "இதையா கண்டவர் சொன்னது?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"அடிச்சவங்க தப்புன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் சார்.

"அடிச்சது இந்தப் புள்ளதான்னு நான் கண்டேனா? கையெழுத்து என்னுது. படிக்காம எடுத்துட்டுப் போனதும் நான்தான். அதத்தான் சொன்னேன்." பிரதியைக் கைப்பையில் வைத்தார். "புதன்கிழமை வகுப்ப இனிமே பாஸ்டர் வீட்டம்மா எடுப்பாங்க."

போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மனுக்களில் கண்ணீர் சேர்ப்பதை அன்றோடு விட்டேன். கூட்டம் கொஞ்சம் குறைந்தது. தபாலில் பி.ஏ. முடித்தேன். சார் வெளியூர் போனபோது சென்டரை நானே எடுத்துக்கொண்டேன். மாமா வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார். எட்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டு மியூசியம் ஒன்றில் நெடுங்காலமாகக் கிடந்த களிமண் பலகையைப் படித்தபோது, எருசலேம் விழுந்த அன்று வந்ததாக எரேமியாவின் புத்தகம் சொல்கிற பாபிலோன் அதிகாரி ஒருவரின் பெயர் அதில் இருந்ததாம். கத்தரித்து வைத்தேன். சிஸ்டர் இதை எந்தப் பக்கம் போடுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் பெரம்பலூரில் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண் ஜெபக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தாள். அரியலூர்ச் சபை. தாளில் தலைப்பு: 'மூன்று நாள் அழுத தீர்க்கதரிசி'.

"இது எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"என்னக்கா, எரேமியா துரவுல மூணு நாள் அழுதது தெரியாதா? எங்க சபையில எல்லாருக்கும் தெரியும். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அவங்களே மனப்பாடமா சொல்லுவாங்க, அந்த அழுகை அரண்மனை மதிலத் தாண்டலன்னு. சொல்லும்போதே அழுவாங்க."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"முன்னாடி ஒரு நர்சம்மா புக்கு போட்டாங்களாம். அப்ப இருந்த பாஸ்டர் அவங்கள வகுப்பெடுக்க விடாம பண்ணிட்டாரு. பாவம், ரிட்டயர் ஆயி ஸ்டேஷன் பக்கம்தான் இருக்காங்க. கோயிலுக்கும் வர்றதில்ல. ஆனா அந்த வரி மட்டும் எல்லாருக்கும் புடிக்கும்."

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நாற்பது பக்கத்தில் அவர் கண்டு, கேட்டு, கோடு போட்டுப் பிரித்து எழுதிய ஒன்றும் அங்கே நிற்கவில்லை. நின்றது என் வரி. அடுத்த நொடி அது போய்விட்டது. இன்னும் ஐம்பது வருஷம் போனால் யாரோ ஒருவர் அதைக் கண்டவர் சொன்னது என்பார்.

அந்தத் தலைப்பை அடிக்க மாட்டேன் என்றேன். அந்தப் பெண் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போனாள்.

சபைக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். வரி என்னுடையது, வேதத்தில் இல்லை, சிஸ்டர் எழுதவில்லை, அவருக்குத் தெரியாமல் கடைசி நாளில் நான் சேர்த்தேன் என்று ஐந்து வாக்கியம். என் பெயர், அப்பா பெயர், ஊர். எழுதும்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம். அவருக்காகத்தான் எழுதுகிறேனா? இல்லை, எல்லோரும் மனப்பாடம் செய்த வரி என்னுடையது என்று ஊருக்குத் தெரியட்டும் என்றா? பதில் கிடைக்கவில்லை. கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எட்டு வருஷம் போகும். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நேற்று சென்டரைப் பூட்டிவிட்டுக் கடிதத்தின் நகலோடு அரியலூர் பஸ் ஏறினேன். ஸ்டேஷன் பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. கதவு திறந்து முகத்தைப் பார்த்துவிட்டால் மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். அதனால் தாழ்ப்பாள் விலகுவதற்கு முன்பே, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "அந்த வரியச் சேத்தது நான்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.